பேர் சொன்னவர் பேர் என்ன?

கும்மிடிப்பூண்டி தாலுக்காவுல, எளாவூர்ல இருந்து கிழக்கே போனா பழவேற்காடு ஏரியோட மேற்குக் கரை வரும். அங்கதான் சுண்ணாம்புக்குளம். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு ஞாபகம் வர்றது கிளிஞ்சல்தான். இந்த ஏரிப் படுகையில காலங்காலமா படிஞ்சு கிடக்கிற கிளிஞ்சலை அள்ளிச் சூளையில சுட்டு சுண்ணாம்பு ஆக்கியிருக்காங்க. பழைய மதராஸ் வீட்டுச் சுவரெல்லாம் பளிங்கு மாதிரி மின்னினதுக்குக் காரணம் கிளிஞ்சல் சுண்ணாம்பு.

பழவேற்காடுங்கிற பேரையும் 'பழ வேர் காடு'ன்னு பிரிச்சுச் சொல்றவங்க உண்டு. ஊர்ப் பேர்லயே ஒரு காடு ஒளிஞ்சிருக்குன்னு அவங்க கணக்கு. வெளியில வேர் நீட்டி நிக்கிற அலையாத்தியைப் பார்த்தவங்களுக்கு அது பொருத்தமாத்தான் தோணும்.

பறவை பார்க்க, செடி பார்க்கன்னு இந்தக் கரையில நடக்கிற யாருக்கும் முதல்ல வர்ற கேள்வி 'இது என்னது?'ங்கிறதுதான். இந்த ஒத்தைக் கேள்விக்கு நம்ம கடற்கரையில முந்நூறு வருஷத்துக்கு மேல எழுதப்பட்ட வரலாறு இருக்கு. எழுதினவங்க டச்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்க, டேனிஷ்காரங்க, ஜெர்மன்காரங்க. அவங்களுக்குப் பதில் சொன்னவங்க யாரு? அதைத் தேடிப் போனதுல கிடைச்சதைத்தான் இங்க எழுதறேன்.

* * *

முதல்ல ஒரு டச்சுக்காரர். பேரு ஹென்ட்ரிக் வான் ரீட். கொச்சியில டச்சுக் கம்பெனி கவர்னரா இருந்தப்போ மலையாளக் கரைச் செடிகளை எல்லாம் படம் வரைஞ்சு, குணம் எழுதி, 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்'னு 12 தொகுதி போட்டார். 1678-ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. எழுநூறுக்கும் மேல செடிகள்.

இந்தப் புத்தகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது முதல் தொகுதியில இருக்கிற ஒரு சான்றிதழ். செடியோட பேரையும் மருந்தையும் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், 'இதெல்லாம் என் அனுபவத்துலயும் எங்க வீட்டு ஏட்டுலயும் இருக்கிறது'ன்னு தன் பேரிலயே எழுதிக் கொடுத்திருக்கார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட்னு மூணு கொங்கணி வைத்தியர்களோட சான்றிதழும் இருக்கு. அந்தக் காலத்துல, பேர் சொன்னவங்க பேரையும் அச்சுல ஏத்தின புத்தகம். இது எவ்வளவு அபூர்வம்ங்கிறது கீழே போகப் போகப் புரியும்.

இதுக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம்? 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டின நாள்ல இருந்து சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களுக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். 1690-ல அது நாகப்பட்டினத்துக்குப் போயிடுச்சு. அந்த மாற்றத்துக்குப் பின்னால இருந்த கம்பெனி ஆணையர் யாருன்னு பார்த்தா, அதே வான் ரீட்! மலையாளக் கரைக்கு 12 தொகுதி. நம்ம கரைக்கு மூட்டை கட்டற உத்தரவு. 1691 கடைசியில அவர் கடல்லயே செத்துப் போனார். பழவேற்காட்டுக்கு ஒரு ஹோர்த்துஸ் வரவே இல்ல.

ஆனா நம்ம கரையோட ஒரு சொல் அந்தப் புத்தகத்துல இருக்கு. மணல் மேட்டுல படர்ந்து, ஊதாக் கலர்ல பூக்குற கொடி ஒண்ணு இருக்கே, சங்க இலக்கியத்துல நெய்தல் நிலத்துக்கு அடையாளமா வர்ற அடும்பு, அதுக்கு வான் ரீட் கொடுத்த மலையாளப் பேர் 'சோவன்ன அடம்பு'. அடும்பு, அடம்பு. கரை மாறினாலும் சொல் மாறல. பிற்பாடு லின்னேயஸ் இந்தக் கொடிக்கு 'பெஸ்-காப்ரே'ன்னு பேர் வச்சார். லத்தீன்ல ஆட்டுக்கால்னு அர்த்தம். இலையோட நுனி ரெண்டாப் பிளந்து ஆட்டுக் குளம்பு மாதிரியே இருக்கும். தமிழ் அகராதியைப் புரட்டினா 'ஆட்டுக்காலடம்பு'ன்னு இருக்கு. பார்த்த கண்ணு வேற வேற. பட்ட உவமை ஒண்ணு.

* * *

அடுத்தது மதராஸ். 1690-கள்ல ஜார்ஜ் கோட்டையில சாமுவேல் பிரௌன்னு ஒரு சர்ஜன். கோட்டையைச் சுத்தியிருந்த ஊர்க்காடுகள்ல செடி சேகரிச்சு, காய வச்சு, லண்டன்ல மருந்துக்கடை வச்சிருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். கப்பல்ல போற வர்றவங்க எல்லார்கிட்டயும் 'எதையாவது பறிச்சுட்டு வாங்க'ன்னு சொல்லி அனுப்பற ஆசாமி பெட்டிவர். பிரௌன் அனுப்பின செடிகளைப் பத்தி 1698-ல இருந்து லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல கட்டுரைகள் வந்துச்சு. செடியோட பேர், அடையாளம், எந்த நோய்க்கு என்ன பக்குவம், எல்லாமே அதுல உண்டு. பேர் தமிழ்ப் பேர். அதை அவங்க அன்னிக்கு 'மலபார்' பேர்னு எழுதினாங்க.

சர்ஜனுக்கு அந்தப் பேரையும் பக்குவத்தையும் சொன்னது யாரு? ஒரு வைத்தியரா, கீரை விக்கிற அம்மாவா, ஆடு மேய்க்கிற பையனா? இட்டி அச்சுதனுக்குக் கிடைச்ச பக்கம் இவங்க யாருக்கும் கிடைக்கல. பிரௌன் பேர் இருக்கு, பெட்டிவர் பேர் இருக்கு. காய்ஞ்ச செடிகள் இன்னிக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு.

பிரௌனுக்குப் பின்னால வந்த சர்ஜன் எட்வர்ட் பல்க்லி, செடியோட நிக்காம மதராஸ் பறவைகளோட படங்களையும் பெட்டிவருக்கு அனுப்பினார். 1713-ல வெளிவந்த ஜான் ரேயோட பறவைப் புத்தகத்துல அந்த மதராஸ் பறவைகள் இடம் பிடிச்சிருக்கு. இந்தியப் பறவைகளைப் பத்தி ஐரோப்பாவுல அச்சான முதல் பட்டியல்னு இதைச் சொல்வாங்க. குளக்கரையில வாலை ஆட்டிக்கிட்டு ஓடுற கறுப்பு வெள்ளை வாலாட்டிக் குருவி இருக்கே, அதோட அறிவியல் பேர் 'மொட்டாசில்லா மதராஸ்படென்சிஸ்'. அதாவது மதராசப்பட்டணத்து வாலாட்டி.

செடியிலயும் இப்படி நிறைய. சளி பிடிச்சா அடை தட்டித் தின்கிறோமே முசுமுசுக்கை, அதுக்கு லின்னேயஸ் 1753-ல வச்ச பேர்ல 'மதராஸ்படானுஸ்' இருக்கு. மேலாநெல்லி பேர்லயும் மதராஸ் உண்டு. ஊர்ப் பேரையே மாத்திட்டோம். முசுமுசுக்கை இன்னும் பழைய விலாசத்துலயே குடியிருக்கு :-)

* * *

அப்புறம் தரங்கம்பாடி. 1768-ல டேனிஷ் மிஷனுக்கு வைத்தியரா வந்தார் ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸோட நேரடி மாணவர். செடி பார்க்கிறதைத் தரங்கம்பாடியில ஒரு பழக்கமாவே ஆக்கிட்டார். பாதிரிமார் எல்லாம் ஞாயித்துக்கிழமை பிரசங்கம், மத்த நாள்ல செடி, பூச்சி, மீன்னு அலைய ஆரம்பிச்சாங்க. பிற்பாடு ஆற்காட்டு நவாப்கிட்டயும், அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியிலயும் இயற்கை ஆய்வாளரா வேலை பார்த்தார் கோனிக்.

நம்ம கறிவேப்பிலைக்கு அவர் பேர்தான் இருக்கு. 1771-ல லின்னேயஸ் வச்சது 'பெர்கேரா கோனிகி'. பின்னால 'முர்ரயா கோனிகி' ஆச்சு. தாளிக்கும்போது தினமும் கோனிக்கைத்தான் எண்ணெயில போடறோம். கறிவேப்பிலைன்னு பேர் வச்ச ஆயிரமாயிரம் பாட்டிமார்ல யாருக்கும் லத்தீன்ல இடமில்ல. லின்னேயஸ் மேல கோவிச்சு என்ன பண்றது? பேர் வைக்கிறதுக்கு அவங்க ஊர்ல ஒரு முறை இருந்துச்சு. மாணவன் பேரை வச்சார்.

மீனுக்கு வந்தா கதை இன்னும் சுவாரசியம். தரங்கம்பாடி பாதிரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், மீன்களை எல்லாம் பெர்லின்ல இருந்த மார்க்கஸ் ப்ளோக்குக்கு அனுப்பினார். ப்ளோக் நன்றியோட ஒரு மீன் இனத்துக்கே 'ஜோனியஸ்'னு பேர் வச்சார். நாம கத்தாளைன்னு சொல்றோமே, அந்த மீன். அதுல ஒரு வகைக்கு 1793-ல அவர் வச்ச பேர் 'ஜோனியஸ் காருட்டா'. காருட்டாவுக்கு லத்தீன்ல அர்த்தம் தேடினா கிடைக்காது. அது நம்ம 'கறுத்த'! மீனவங்க 'கறுத்த கத்தாளை'ன்னு சொல்லியிருக்காங்க. பாதிரி அதை அப்படியே எழுதி அனுப்ப, பெர்லின்ல கத்தாளையை விட்டுட்டுக் கறுத்ததை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. மீன் அனுப்பினவர் பேர் முன்னால. பேர் சொன்னவன் வாயில இருந்து விழுந்த ஒரு பெயரடை பின்னால. அந்த மீனவன் யாருன்னு கேட்டா, 'கறுத்த' மட்டும்தான் பதில்.

இந்தக் கூட்டத்துல எனக்கு ரொம்ப நெருக்கமா தோணுறவர் ஜொஹான் பீட்டர் ராட்லர். 1776-ல தரங்கம்பாடிக்கு வந்தார், 1836-ல மதராஸ்ல கண்ணை மூடினார். அறுபது வருஷம் தமிழ் மண். 1799-1800-ல தரங்கம்பாடியில இருந்து மதராஸுக்குப் போய்த் திரும்பின பயணத்துல, போற வழியெல்லாம் பார்த்த செடிகளைக் குறிச்சு வச்சார். 1803-ல அது பெர்லின்ல அச்சாச்சு. நடைப் பயணத்துல செடி அடையாளம் காண்றதுக்கு நம்ம கரையில இதை விட நல்ல முன்னோடி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அதே ராட்லர்தான் தமிழ்-ஆங்கில அகராதியும் போட்டார். முதல் பகுதி 1834-ல வந்துச்சு. அவர் காலமான பிறகு வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் சேர்ந்து 1841-ல முடிச்சாங்க. இது ஏதோ தற்செயல்னு எனக்குத் தோணல. செடியைக் காட்டி 'இது என்னது?'ன்னு ஆயிரம் பேர்கிட்ட கேட்டவர் கடைசியில அகராதிக்காரர் ஆகிறதுதானே இயல்பு? அவரோட காய்ஞ்ச செடிகள் லண்டன் கியூ தோட்டத்துல இருக்கு. அவர் கேட்டு வாங்கின சொற்கள் நம்ம அகராதிகள்ல கலந்து போச்சு.

* * *

இப்ப பழவேற்காட்டுக்கு வடக்கே, நெல்லூருக்கு வருவோம். தாமஸ் ஜெர்டன் 1836-ல மதராஸ் ராணுவத்துக்கு வந்த இன்னொரு சர்ஜன். 1840-கள்ல நெல்லூர்ல வேலை. 1862-64-ல வந்த அவரோட இந்தியப் பறவைகள் புத்தகத்துல இந்தி, தெலுங்கு, தமிழ்ப் பேர்களை எல்லாம் பறவைக்குப் பறவை தேடிப் போட்டிருக்கார். அவருக்கு அந்தப் பக்கத்துக் காட்டுல 1848 வாக்குல ஒரு பறவை கிடைச்சுது. ராத்திரியில நடமாடுற, முட்புதருக்குள்ள ஓடி ஒளியுற குருவி. 'ஜெர்டன் கோர்சர்'னு அவர் பேராலயே சொல்றாங்க. 1900-க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படல. அழிஞ்சு போச்சுன்னே முடிவு கட்டினாங்க. 1986 ஜனவரியில பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகக்காரங்க கடப்பா பக்கம் படத்தைக் காட்டிக் கிராமம் கிராமமா விசாரிச்சாங்க. உள்ளூர்ல பறவை பிடிக்கிற ஒருத்தர் உசுரோட பிடிச்சுக் கொண்டுவந்து காட்டிட்டார்.

எண்பத்தாறு வருஷம் உலகத்துக்குத் தொலைஞ்சு போயிருந்த பறவை, அந்த ஊர்க்காரங்களுக்குத் தொலையவே இல்ல. அவங்ககிட்ட யாரும் கேக்கல, அவ்வளவுதான்.

* * *

இந்த வரலாறெல்லாம் தெரிஞ்சுக்கிட்ட பிறகு நான் சுண்ணாம்புக்குளத்துக் கரையில நடக்கிற விதமே மாறிடுச்சு. புத்தகத்தைப் பைக்குள்ள வச்சுட்டு, முதல்ல ஆளைத் தேடறேன்.

போன்ல படம் எடுத்தா ஆப் பேர் சொல்லிடுது. தப்பு சொல்ல மாட்டேன், நானும் வச்சிருக்கேன். தரையோட படர்ந்து சிவப்பும் பச்சையுமா இருந்த ஒரு உப்பங்கழிச் செடிக்கு 'சுவேடா மாரிட்டிமா'ன்னு பதில் வந்துச்சு. சரியான பதில்தான். பக்கத்துல வலையைப் பிரிச்சுக்கிட்டிருந்த பெரியவர்கிட்ட அதே செடியைக் காட்டி, "ஐயா, இது இன்னாங்க?"ன்னு கேட்டேன்.

"உமிரி தம்பி. தண்ணி வத்துனா இப்பிடித்தான் செவந்துக்கும். மழ வந்தா மறுபடி பச்சையாய்டும். ஆடு திங்கும். நாமளும் திங்கலாம். வேக வச்சி தண்ணிய ஊத்திட்டு ஆயணும். உப்பு மட்டும் போட்டுடாதே, அதுலயே கீது."

ஒரு மூச்சுல நிறம் மாறுற பருவம், தின்கிற பிராணி, சமைக்கிற பக்குவம், ருசி. ஆப்ல வந்தது ரெண்டே சொல். நாங்க பேசிக்கிட்டு இருந்தப்போ தூரத்துல ரெண்டு இருளர் பெண்கள் முழங்கால் தண்ணியில குனிஞ்சு, சேத்துல கையால தடவி இறால் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. கண்ணால பார்க்காம விரலாலயே இது இறால், இது நண்டுன்னு அடையாளம் காண்றாங்களே, அதை எந்தப் புத்தகத்துல படிக்கிறது?

பெரியவர் சொன்னதை நோட்டுல எழுதிக்கிட்டு, அவர் பேரைக் கேட்டேன். "எம் பேரு எதுக்கு? எனக்கு எங்க ஆயா சொல்லிச்சு. ஆயா சொன்னதுன்னு எழுதிக்கோ"ன்னார். அப்படியே எழுதிக்கிட்டேன். உமரி, சுண்ணாம்புக்குளம், ஒரு பெரியவரோட ஆயா சொன்னது.

நம்ம பேர்களைக் கூர்ந்து பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு அடையாளக் குறிப்பு. கரண்டி மாதிரி அலகு இருந்தா கரண்டிவாயன். காலு பவளமா இருந்தா பவளக்கால் உள்ளான். ஆளைப் பார்த்ததும் கத்திக் காட்டிக் கொடுத்தா ஆள்காட்டி. நத்தையைக் குத்தித் தின்னா நத்தைகுத்தி நாரை. மீனைப் பாய்ஞ்சு அடிச்சா விராலடிப்பான். மணல் மேட்டுல குச்சி குச்சியா முள்ளு நீட்டிக்கிட்டு நிக்கிற புல்லுக்கு ராவணன் மீசை. பேரைத் தெரிஞ்சுக்கிட்டாலே, அடுத்த தடவை ஆளை அடையாளம் தெரிஞ்சுடும்.

இந்தக் கரைக்குக் காவல் இல்லாமலும் இல்ல. ஏரியோட ஆந்திரப் பக்கம் 1976-லயும், தமிழ்நாட்டுப் பக்கம் 1980-லயும் பறவைகள் சரணாலயம் ஆச்சு. பூநாரையும் கூழைக்கடாவும் குளிர்காலத்துல வந்து நிக்கிறப்போ பார்க்க ஊரே போகுது. பறவைக்குச் சரணாலயம் இருக்கு. பறவைப் பேருக்கு? கரையோரப் பிள்ளைங்க கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போறாங்க. போகட்டும், சேத்துலயே நிக்கணும்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? ஆனா ஆயா சொன்னது அந்தப் பெரியவரோட நின்னு போயிடும்போல இருக்கே, அதுதான் உறுத்துது.

எழுதி வச்சவங்களும் நம்மள்ல இல்லாம இல்ல. பி.எல். சாமி சங்க இலக்கியத்துச் செடிகொடிகளையும் பறவைகளையும் ஒண்ணொண்ணா அடையாளம் கண்டு புத்தகமாப் போட்டார். மா. கிருஷ்ணன் தமிழ்லயும் காட்டைப் பத்தி எழுதினார். க. ரத்னம் தமிழ்ல வழங்குற பறவைப் பேர்களைத் திரட்டினார். இவங்க போட்ட பாதை இருக்கு. நாம நடக்கிறதுதான் பாக்கி.

* * *

1978-ல செங்கல்பட்டுப் பக்கம் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. விஷமுறிவு மருந்துக்குப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கிற சங்கம். மண்ணுல இருக்கிற தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போ போச்சுன்னு சொல்ற ஆட்கள் அவங்க. அதுல இருந்து வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சுது.

1678-ல இட்டி அச்சுதன் பேர் அச்சுல வந்துச்சு. நம்ம கரையில பிரௌனுக்குச் சொன்னவங்க, ஜானுக்குச் சொன்னவங்க, ராட்லருக்குச் சொன்னவங்க யாருக்கும் அந்த மரியாதை கிடைக்கல. 2023-ல ரெண்டு இருளர்கள் தங்களோட சொந்தப் பேர்ல, ராஷ்டிரபதி கையால விருது வாங்கினாங்க. முந்நூத்தி நாப்பத்தஞ்சு வருஷ இடைவெளி.

அதனால ஒரு வேண்டுகோள். நீங்க எந்த ஊரா இருந்தாலும் சரி, அடுத்த தடவை ஏரிக்கரையிலயோ வரப்புலயோ நடக்கும்போது ஒரு செடி, ஒரு பறவை, ஒரு மீன், மூணே மூணு பேர் கேட்டு எழுதுங்க. உங்க ஊர்ல என்ன சொல்றாங்களோ அதையே எழுதுங்க, புத்தகத்தைப் பார்த்துத் திருத்தாதீங்க. பக்கத்துல ஊர்ப் பேர், தேதி. அதுக்கும் பக்கத்துல, சம்மதம் கேட்டுட்டு, சொன்னவங்க பேர். பேர் வேண்டாம்னு சொன்னா, அவங்க ஆயாவையாவது எழுதுங்க.